ரிட்டர்ன் சொல்லாத எல்.சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவேன், அதோடு சரி. செத்தவர்கள் திரும்பி வந்தார்கள் என்று எவனாவது சொன்னால், போய்யா, வேலையைப் பாரு என்பேன். என் பிழைப்பு அப்படி. பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற பெட்டிக்குள் கையை விட்டு வேலை பார்க்கிறவன் மீட்டரை நம்ப வேண்டும், எர்த் ராடை நம்ப வேண்டும், கூட வேலை செய்கிறவன் வார்த்தையை நம்ப வேண்டும். வேறு எதையாவது நம்பினால் முழுசாக வீடு போய்ச் சேர மாட்டான். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்னும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறார்கள்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். அதற்குச் சொந்தமாக ஒரு பவர் ஹவுஸ், உள்ளே மூன்று பெரிய டீசல் ஜெனரேட்டர்கள். ஜெனரேட்டர் தருகிற பதினோராயிரம் வோல்ட்டை வாங்கி மற்ற இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் பேனல்கள் எல்லாம் கீழே ஸ்விட்ச்கியர் ரூமில் வரிசையாக நிற்கும், அங்கேதான் நான் மெயின்டெனன்ஸ். மாடியில் கண்ட்ரோல் ரூம், அங்கே உட்கார்ந்து மெஷினை ஏற்றுவதும் இறக்குவதும் ஆபரேட்டர். அந்த ஆபரேட்டர்களில் ஒருத்தி ரெஜினா, என் பெண்டாட்டி.

பெண்டாட்டி ஆனது அப்புறம்தான். முதலில் இன்டர்காமில் சண்டை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு நாள் கூப்பிட்டு, "கீழ எவ்ளோ காட்டுது?" என்றாள். "பதினொண்ணு" என்றேன். "இங்க பத்தே முக்கால்தான் கீது" என்றாள். "அப்ப உன் மீட்டரு டுபாக்கூர்" என்றேன். "என் மீட்டர் சரியாத்தான் கீது, உன் கண்ணுதான் டுபாக்கூர், போய் டெஸ்ட் பண்ணிக்கினு வா" என்றாள். மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்லை, இப்படிப் பேசுகிறாளே என்று கோபத்தோடு மாடி ஏறினேன். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இறால் தொக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மீட்டர் அவளுடையதுதான் தப்பு, ஆனால் நான் அதைச் சொல்லவில்லை, தொக்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அப்புறம் கல்யாணம், பிள்ளை இல்லை, அதில் இரண்டு பேருக்கும் வருத்தம் உண்டு, ஆனால் ஒருத்தரை ஒருத்தர் குறை சொன்னதில்லை. காலையில் பைக்கில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குப் போவோம், அவள் என் தோள் மேல் மோவாயை வைத்துக்கொண்டு லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே வருவாள்.

இப்போது எல்.சி. என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. லைன் கிளியர். ஒரு பேனலுக்குள் கை வைக்கும் முன் ஆபரேட்டரிடம் எல்.சி. வாங்க வேண்டும். ஆபரேட்டர் அந்த மெஷினை நிறுத்தி, பூட்டி, 'கொடுத்தாச்சு' என்று சொன்னால்தான், மிச்சக் கரண்ட் தரைக்கு இறங்கிவிட எர்த் மாட்டிவிட்டுக் கை வைப்போம். வேலை முடிந்ததும், வாங்கினவன் எவனோ அவனேதான், தன் வாயாலேயே, தன் பெயரைச் சொல்லி ரிட்டர்ன் சொல்ல வேண்டும். காகிதமும் உண்டு, அதில் கையெழுத்தும் உண்டு, ஆனால் எங்களுக்குக் குரல்தான். அப்பனே வந்து சொன்னாலும் பிள்ளையுடைய எல்.சி.யை ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள். ஏனென்றால் வாங்கினவன் இன்னும் உள்ளே இருந்தால்? ரிட்டர்ன் வரும்வரை அந்த மெஷினில் கரண்ட் ஏறக்கூடாது, அவ்வளவுதான், அது யாராக இருந்தாலும்.

அன்றைக்கு மத்தியானம் மூணாம் நம்பர் ஜெனரேட்டரில் எல்.சி. வாங்கியிருந்தேன். கொடுத்தது ரெஜினா. பி.டி. சேம்பருக்குள் சுத்தம் செய்யும் வேலை. பி.டி. என்பது பதினோராயிரம் வோல்ட்டைச் சின்னதாக்கி மீட்டருக்கு அனுப்புகிற டிரான்ஸ்பார்மர், அதை வைத்துத்தான் கீழே உள்ள மீட்டரும் மாடியில் உள்ள மீட்டரும் வோல்டேஜ் காட்டும். நான் உள்ளே தோள்வரைக்கும் இருக்கிறேன், வெளியே என் தோஸ்து பன்னீர் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இன்டர்காம் அடிக்கிறது. மாடியில் ரெஜினாவோடு இருந்த லோகு, அப்போதுதான் ஆபரேட்டர் வேலை பழகிக்கொண்டிருந்தவன், "அண்ணே, அக்கா கீழ வுழுந்துட்டாங்க, சீக்கிரம் வாங்கண்ணே" என்று கத்துகிறான். போட்டது போட்டபடி ஓடினேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண் திறக்கவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினேன், ஊர் கதை எல்லாம் பேசினேன். மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

என் எல்.சி. என்ன ஆனது என்று அப்போது யார் யோசிப்பார்கள்? பன்னீர் எர்த்தை எடுத்துக் கதவை மூடினான், ஷிப்ட் இன்ஜினியர் என் எல்.சி.யை ரத்து செய்து கையெழுத்துப் போட்டுவிட்டார். அதில் தப்பே இல்லை, அந்த மாதிரி நேரத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும். காசிமேட்டுக் கல்லறையில் அவளை வைத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. துவைத்த அவள் நைட்டி கொடியில் காய்ந்துகொண்டே இருந்தது, எடுக்கக் கை வரவில்லை. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வேலைக்குப் போய்விட்டேன்.

போன அன்றைக்கே ஆரம்பித்தது. மூணாம் நம்பரை ஓட்டுகிறார்கள், மாடியில் அவள் நாற்காலியில் இப்போது லோகு. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இரண்டு ஜெனரேட்டரோடு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும் என்றால் மூன்று ஃபேஸும், அதாவது ஆர், ஒய், பி மூன்றும், சரியான வோல்டேஜில் இருந்தால்தான் ரிலே என்கிற காவல் கருவி அனுமதிக்கும். லோகு கூப்பிட்டு, "அண்ணே, பி ஃபேஸ் படுத்துக்கினு கீது" என்கிறான். கீழே நான் பார்க்கிறேன், மூன்றும் பதினொன்று, முள் ஆடாமல் நிற்கிறது. "இங்க நல்லாத்தான்டா இருக்கு" என்கிறேன். "இங்க ஒண்ணுமே இல்லண்ணே" என்கிறான். கீழ் மீட்டருக்கும் மேல் மீட்டருக்கும் சண்டை என்றால் எங்கள் பவர் ஹவுஸில் எல்லோருக்கும் எங்கள் கல்யாணம்தான் ஞாபகம் வரும்.

சரி, ஃபியூஸ் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன், எவனாக இருந்தாலும் அதைத்தான் நினைப்பான். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பி.டி. ஒரு ஃபேஸுக்குத் தருவது அறுபத்துமூன்று வோல்ட் சொச்சம், கீழே டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தால் மூன்றிலும் அறுபத்துமூன்று. மாடிக்கு ஓடி அதே வயரின் மறுமுனையில் வைத்தால் ஆரில் இருக்கிறது, ஒய்யில் இருக்கிறது, பியில் மூன்றோ நான்கோ வோல்ட். வயர் அறுந்திருக்கும் என்று பார்த்தால் வயர் முழுசாக இருக்கிறது. ஆர் ஃபேஸ் வயரையும் பி ஃபேஸ் வயரையும் இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டேன். வயரில் கோளாறு என்றால் கோளாறும் வயரோடு போய் ஆரில் தெரிய வேண்டும், அதுதான் நியாயம். போகவில்லை, பியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் மீட்டர் என்று புது மீட்டர் போட்டேன், அதுவும் பியில் காட்டவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு டெஸ்ட் கிட்டிலிருந்து அதே வயரில் அதே அறுபத்துமூன்றைக் கொடுத்தால் மேலே அழகாகக் காட்டுகிறது. மெஷின் ஓடினால் படுத்துக்கொள்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து டெஸ்டிங் கம்பெனி இன்ஜினியரை வரவழைத்தார்கள். கௌசல்யா மேடம், வேலை தெரிந்த பெண், வந்ததும் நான் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் நம்பாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே செய்து பார்த்தார். பி.டி.யின் நியூட்ரலை ஒரு இடத்தில்தான் எர்த் செய்ய வேண்டும், எங்கள் பேனலில் எவனோ இரண்டு இடத்தில் செய்திருந்தான், அதைக் கண்டுபிடித்தார். எனக்கே தெரியாதது. அதைச் சரிசெய்து, "இப்ப ஓட்டிப் பாருங்க சார்" என்றார். ஓட்டினோம். பி எழுந்திருக்கவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச எல்லாம் பார்த்துட்டேன் சார், இதுக்கு மேல ரிப்போர்ட்ல என்ன எழுதறதுன்னு தெரியல" என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ஈ.பி. சப்ளை போய்ப் போய் வருகிறது, இரண்டு ஜெனரேட்டரால் லோடு தாங்காமல் ஒரு செக்ஷனையே நிறுத்திவைத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் மாத்தூரிலிருந்தும் மணலியிலிருந்தும் முழங்கால் தண்ணீரில் வந்து, வேலை இல்லை என்று கேட்டதும் திரும்பிப் போனார்கள். போகும்போது என்னைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள், பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் பன்னீர் டீ கிளாஸோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். நானே கேட்டேன், "இன்னாடா?"

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே மாமு?"

"சொல்லு."

"நீ லீவு போட்டா மூணாம் நம்பர் நல்லா கீது. உனக்கு ஷிப்ட் இல்லாத நேரத்துல ஓட்டுனா மூணு ஃபேஸும் கரீட்டா காட்டுது, சேத்துக்கினு ஓட்டுறோம். நீ கேட்டாண்ட வந்தியோ இல்லையோ, பி படுத்துக்குது. நாங்க மூணு நாலு தபா பாத்துட்டோம். உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம மண்டைய பிச்சிக்கினு கீறோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் வந்தால் மெஷின் கெட்டுப்போகிறதா, நான் என்ன சனியனா என்று கத்தினேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அன்னிக்கு நீ ரிட்டர்ன் சொன்னியா மாமு?"

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அடிக்கவும் கை ஓங்கிவிட்டேன், ஏன் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த லோகு ஓடிவந்து நடுவில் நின்றான். நின்றவன் அழுதுவிட்டான்.

"அண்ணே, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அக்கா வுழும்போது என் கையப் புடிச்சிக்கினாங்க. வாய் கோணிக்கினு போச்சு, பேச்சு கொளறுச்சு. அப்பக்கூட சொன்னாங்கண்ணே. 'மூணுல ஆளு கீது, போடாத, மூணுல ஆளு கீது.' அதேதான் திரும்பத் திரும்ப. அப்பால பேச்சே இல்ல. உங்களுக்கு இன்னும் கஷ்டமா இருக்குமேன்னுதான் சொல்லல."

நான் பன்னீரின் சட்டையை விட்டேன். கேபிள் போகிற பள்ளத்தின் மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நினைத்துப் பாருங்கள். தலைக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது, அவளுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை, நான் உள்ளே இருக்கிறேன், யாராவது தெரியாமல் மெஷினை ஏற்றிவிடப் போகிறார்கள் என்றுதான் பயம். நான் வெளியே வந்துவிட்டேன் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க ஊர் கதை பேசினேனே, அதை நான் சொல்லவில்லையே. அவளைப் பொறுத்தவரை நான் இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறேன். நான் கேட்டுக்குள் வந்தால், ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று அவள் ஏற்ற விடாமல் பிடித்துக்கொள்கிறாள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், அந்த நிமிஷத்தில் எனக்கு அது பகல் வெளிச்சம் மாதிரித் தெரிந்தது.

பன்னீர் என் தோளில் கை வைத்து, "சொல்லிடு மாமு. ஒரு வார்த்த. அவங்களும் நிம்மதியா போவட்டும்" என்றான்.

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை, அந்த வாரம் முழுக்கச் சொல்லவில்லை. பயத்தினால் என்று நினைக்காதீர்கள். என் எல்.சி. ரிட்டர்ன் ஆகாதவரை அவள் டூட்டியில் இருக்கிறாள். புரிகிறதா? தினமும் மழையில் நனைந்துகொண்டு வந்து, கேட்டைத் தாண்டி, நேராகப் போய் இன்டர்காமில் லோகுவிடம் "பி எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "படுத்துக்கினு கீதுண்ணே" என்பான். எனக்கு அழுகையும் வரும், நெஞ்சு நிறைந்தும் போகும். வந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் இல்லாதவள் இங்கே இருக்கிறாள். நான் ஏன் ரிட்டர்ன் சொல்ல வேண்டும்? ஊரே இருட்டில் கிடக்கட்டும், எனக்கென்ன என்றுகூட நினைத்தேன், மனுஷன் அப்படியும் நினைப்பான்.

அப்புறம் எது என்னை மாற்றியது என்றால், அவளுடைய பயம்தான். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், திடீரென்று உறைத்தது. எனக்கு அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று சந்தோஷம், சரி, அவளுக்கு? 'மூணுல ஆளு கீது, மூணுல ஆளு கீது' என்று அதே பதற்றத்தில் இத்தனை நாளாக நின்றுகொண்டிருக்கிறாளே. என் சந்தோஷத்துக்காக அவளை இப்படி நிறுத்திவைப்பது என்ன நியாயம்? சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன்.

பன்னீரிடம் சொன்னேன், லோகுவிடம் சொன்னேன், மூணாம் நம்பரை ஓட்டச் சொன்னேன். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டுகிறது. மெஷின் முழு வேகத்துக்கு வந்தது, கீழே மூன்றும் பதினொன்று. மாடியில் பி படுத்திருக்கிறது. லோகு ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, மீட்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான், அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன். காலி நாற்காலிக்குத்தான் நான் பேசப்போகிறேன். பன்னீர் என் பக்கத்தில் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், கல்லறையில் நிற்கிற மாதிரி.

"மூணாம் நம்பர் ஜெனரேட்டர். பி.டி. சேம்பர். ஆள் கிளியர். எர்த் கிளியர். எல்.சி. ரிட்டர்ன். அந்தோணி."

சொல்லிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம், மெஷின் சத்தம். பன்னீர் என்னையே பார்க்கிறான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்ற ஆபரேட்டர்கள் 'சரி, ரிட்டர்ன் ஆச்சு' என்று முடித்துக்கொள்வார்கள், ரெஜினா மட்டும் என்னிடம் ஒன்று கேட்காமல் ரிட்டர்ன் எடுக்க மாட்டாள். "விரலு பத்தும் கீதா?" என்பாள். நான் வேண்டுமென்றே "ஒன்பதுதான் இருக்கு" என்பேன், "அப்ப உள்ளயே கெட, தேடி எத்துக்கினு வா" என்பாள், இன்டர்காமில் கேட்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். இப்போது யார் கேட்பது? யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"பத்தும் இருக்கு ரெஜி. நான் வெளிய வந்துட்டேன். அன்னிக்கே வந்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவல. நீ பயப்படாத. போட்டுக்கலாம்."

மாடியிலிருந்து லோகு கத்தினான். "அண்ணே, ஏறுது! ஏறுதுண்ணே!"

கண்ணால் பார்த்தது அவன்தான், நான் கீழே இருந்தேன். ஆனால் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். லூஸ் கனெக்ஷன் ஒட்டிக்கொண்டால் முள் டக்கென்று துள்ளும், அது எல்லோருக்கும் தெரியும். இது துள்ளவில்லை. கைதேர்ந்த ஆபரேட்டர் வோல்டேஜை ஏற்றுகிற மாதிரி, கொஞ்சம் ஏற்றி, நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, பதினொன்றில் வந்து நின்றதாம். லோகு பிரேக்கரைப் போட்டான், மூணாம் நம்பர் மற்ற இரண்டோடு சேர்ந்தது. நிறுத்திவைத்திருந்த செக்ஷனில் விளக்கு எரிந்தது, அங்கே ஆட்கள் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூக்கு ஒழுக ஒழுக அழுதேன், பன்னீர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவனும் அழுதான்.

அதற்கப்புறம் அந்த மெஷினில் கோளாறே இல்லை. கௌசல்யா மேடம் போன் செய்து என்ன செய்தீர்கள் என்று கேட்டார், தானாகச் சரியாகிவிட்டது மேடம் என்றேன், அவர் நம்பவில்லை. நானும் ஷிப்டுக்கு வந்தால் பழக்கத்தில் "பி எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "சூப்பரா கீதுண்ணே" என்பான் லோகு. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம், கேன்டீனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், பன்னீர் சாதாரணமாக ஒன்று சொன்னான்.

"நீ லீவு போட்டா நல்லா கீதுன்னு சொன்னேன் இல்ல? ஒரே ஒரு நாளு மட்டும் அப்டி இல்ல மாமு. ரெஜினாக்கு முப்பதாம் நாள் பூசைன்னு நீ லீவு போட்ட பாரு, அன்னிக்கு. காலீல நல்லாத்தான் ஓடிச்சு. மத்தியானம் பி மட்டும் இல்ல, மூணு ஃபேஸும் ஒரேடியா போச்சு. மேல மட்டும் இல்ல, கீழயும். இன்ஜின் ஓடிக்கினே கீது, வோல்டேஜ் ஜீரோ. மெஷினே டிரிப் ஆயிடுச்சு. மறுபடி எவ்ளோ டிரை பண்ணாலும் ஏறல, சாயங்காலம் தானா வந்துச்சு. அதான் எனக்கு இன்னும் பிரியல, நீதான் இங்கயே இல்லியே."

நான் டீயை வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நான் எங்கே இருந்தேன் என்று பன்னீருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் நான் ஒருத்தன். ஹாலில் சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மெயினை அணைக்கவில்லை. எத்தனை வருஷம் எத்தனை பேருக்கு மெயினை அணை, மெயினை அணை என்று சொல்லிக் கொடுத்தவன், அணைக்காமல், வெறுங்கையோடு, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைப்பில் நின்றேன் என்று நீங்கள் கேட்காதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று அது நின்றது. மேலே ஃபேன் நின்றது. தெருவே போய்விட்டது. யாரோ ஒரு அம்மா மாடியிலிருந்து, "ஐய, கரண்ட்டு புட்டுக்கிச்சு" என்று கத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், சாயங்காலம் கரண்ட் வரும்வரை எழுந்திருக்கவில்லை. மழைக்காலம், கரண்ட் போவது சகஜம் என்று விட்டுவிட்டேன்.

தொழிற்சாலை ஜெனரேட்டருக்கும் ராயபுரத்து வீட்டுக்கும் ஒரு கம்பிகூடச் சம்பந்தம் கிடையாது. எந்த இன்ஜினியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். பன்னீரிடம் எத்தனை மணிக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டேன், அவன் சொன்ன நேரமும் என் நேரமும் ஒன்று. அங்கே மூன்றும் விழுந்திருக்கிறது, இங்கே தெருவே விழுந்திருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பெட்டி முன்னால் நிற்கிறேன் என்று தெரியாமல், கைக்கு எட்டியதையெல்லாம் அணைத்துக்கொண்டே தேடியிருக்கிறாள்.

பன்னீர் இதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் நான் ரிட்டர்ன் சொல்லியிருப்பேனா? ராத்திரியில் இதுதான் ஓடுகிறது. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போது வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் முதலில் மெயினை அணைக்கிறேன், இரண்டு தடவை டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன். எனக்கென்று மேலே பிடித்துக்கொண்டு நிற்க இப்போது யாரும் இல்லை. ஆள் கிளியர் என்று நான்தான் என் வாயாலேயே சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.